ரோனா கப்பலில் போனவர்களின் கணக்கு

(கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் நடைபெற்ற இளைஞர், வணிகர் சந்திப்புகளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று உங்களிடம் ஒரு கப்பலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நோட்டீஸில் 'ரோனா' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு முதுநகரில் ஒரு தம்பி, "ஹஜ்ரத், முன்னால 'கொ' விட்டுப் போச்சா?" என்று கேட்டார். விட்டுப் போகவில்லை தம்பி. கொரோனா வருவதற்கு முன்பே, உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலேயே, இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு முஸ்லிம் வீட்டுக்கும் தெரிந்திருந்த பெயர் அது. இன்று யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதுதான் என் பேச்சு.

கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன். எம்டன் என்றால் தெரியுமா? எல்லோரும் சிரிக்கிறீர்கள். பொல்லாத ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. சில நிமிடங்கள் நம்மைச் சுட்டுவிட்டுப் போனவன் பெயர் நூறு வருஷமாக நம் வாயில் இருக்கிறது. 13 வருஷம் நம்மைத் தூக்கிச் சுமந்து, பிழைப்புக்கு வழிகாட்டி, கடைசியில் நம் நாட்டு மாலுமிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போன கப்பலின் பெயர் தெரியவில்லை!

டெக்கில் ஐயாயிரம் பேர்

என் தாயாரின் வாப்பா, நாங்கள் நன்னா என்று கூப்பிடுவோம், பினாங்கு சபராளி. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து கேட்ட கதைகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ராஜூலா, ரோனா. "அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டும் ஒரே சாயல். தூரத்துல நின்னா எது எதுன்னு சொல்ல முடியாது" என்பார்.

அவர் சொன்னது சரி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்ற கம்பெனி, நம்மவர் வாயில் 'பி.ஐ. கம்பெனி', 1926இல் இரண்டு கப்பல்களைக் கட்டி வாங்கியது. ராஜூலாவை ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் கட்டினார்கள். ரோனாவை இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டினார்கள். ராஜூலா குஜராத்தில் ஓர் ஊர். ரோனா இன்றைய ஹரியானாவில் சோனிபத் பக்கம் ஒரு கிராமம். கப்பல் வெள்ளைக்காரனுடையது, பெயர் நம் நாட்டு ஊருடையது! ரோனாவின் எடை 8,602 டன், நீளம் சுமார் 460 அடி.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். இதுதான் பாதை. போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சேர்த்து நூறு பேருக்குக்கூட இடமில்லை. ஆனால் டெக்கில் ஏற்ற அனுமதி பெற்றிருந்தது எத்தனை பேர் தெரியுமா? ஐயாயிரத்துக்கும் மேல்! ஆட்டு மந்தையைக்கூட அப்படி அடைக்க மாட்டார்கள். பாயை விரித்தால் அதுதான் உங்கள் வீடு. பக்கத்தில் தகரப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் அடுத்தவர் பாய். தோட்டக் கூலிகள், செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளைகள், நம் ஊர்ச் சபராளிகள் எல்லோரும் ஒரே டெக்கில்.

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை பக்கத்து ஆட்கள் ரயிலில் மாயவரம் போய், வண்டி மாறி, திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போவார்கள். அங்கே கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி, அலையில் தூக்கிப் போட்டு, கப்பல் ஓரம் போய் ஏணியைப் பிடிக்க வேண்டும். பினாங்கு போனால் ஜெரஜா தீவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள், சிங்கப்பூர் போனால் செயின்ட் ஜான் தீவில். அம்மை இருக்கிறதா என்று பார்க்கத்தான். டெக்கில் வந்தவனுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. முதல் வகுப்பில் வந்தவன் நேரே இறங்கிப் போவான். அம்மைக்குக்கூட வகுப்பு தெரியும் போலிருக்கிறது!

இந்தக் கூட்டத்தில் இருக்கிற வணிகர்களில் எத்தனை பேருடைய கடையின் முதல் முதலீடு அந்த டெக்கில் போய் வந்த பணம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் கட்டியது, மதரஸா நடத்தியது, குமர் காரியம் முடித்தது எல்லாம் அந்தப் பணம்தான்.

படைக்கப்பலாக மாறியது

1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. மறு வருஷம், 1940இல், பிரிட்டிஷ் சர்க்கார் ரோனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கேட்டு வாங்கியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போர்க்காலத்தில் சர்க்கார் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பாய் விரித்த தளங்களில் சிப்பாய்களுக்குச் சாப்பாட்டு மேசைகளும் தூங்குவதற்குத் தொங்கு படுக்கைகளும் வந்தன. மேல்தளத்தில் விமானங்களைச் சுடும் துப்பாக்கிகள் வந்தன. ஓரங்களில் மரத் தெப்பங்களை அடுக்கினார்கள். பெயருக்கு முன்னால் 'மன்னரின் படைக்கப்பல்' என்று பட்டம் கட்டினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் மாறியது, அதில் வேலை செய்தவர்கள் மாறவில்லை. கேப்டனும் அதிகாரிகளும் கம்பெனி ஆட்கள். சரங்கும், தண்டேலும், கலாசிகளும், அடுப்படியில் நிலக்கரி போட்டவர்களும், சமையல் பண்டாரிகளும் கம்பெனியில் ஒப்பந்தக் கூலிக்கு வந்த இந்திய மாலுமிகள். அவர்களைத்தான் 'லஸ்கர்' என்பார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, உடம்பில் சீருடை இல்லை.  ஆனால் குண்டு விழும்போது அது சீருடையைப் பார்த்தா விழுகிறது?

அன்று பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த லஸ்கர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள். சில்ஹெட், நோவகாளி, சிட்டகாங், கொங்கணக் கரையின் ரத்னகிரி, இப்படிப் பல கரைகளிலிருந்து வந்த ஏழைகள். 1939இல் ஒரு வெள்ளை மாலுமிக்குக் கொடுத்த கூலியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் லஸ்கருக்கு. படுக்க ஒதுக்கிய இடமும் வெள்ளையனுக்குக் கொடுத்ததில் பாதியோ அதற்கும் குறைவோதான். இதைச் சகித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். போர் தொடங்கிய உடனே, 1939இன் கடைசி மாதங்களில், லண்டன் முதல் பல துறைமுகங்களில் 'கூலியைக் கூட்டு, இல்லையேல் கப்பல் ஏற மாட்டோம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஆனாலும் கூலி கூடியது. வேலைநிறுத்தம் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

இதற்கிடையில் நம் கரையில் என்ன நடந்தது? 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. அங்கே இருந்த வாப்பாவும் அண்ணனும் மச்சானும் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் மூன்றரை வருஷம் நம் வீட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் 'ராஜூலா எங்கே, ரோனா எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருந்ததாக நன்னா சொல்வார். அவர் 1941 நடுவில் ஊர் திரும்பியவர். அல்ஹம்துலில்லாஹ்.

வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு

ரோனா எங்கே போனது? சொல்கிறேன்.

1943 நவம்பர் 26. வெள்ளிக்கிழமை. துல்கஃதா மாதத்தின் கடைசி நாட்கள். இடம், வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் கரையை ஒட்டிய மத்திய தரைக்கடல். முந்தின நாள் ஒரான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, கூட்டமாகப் போகும் கப்பல்களோடு சேர்ந்துகொண்டது ரோனா. அதில் சுமார் 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் தெரியுமா? சூயஸ் கால்வாய் வழியாக, நம் இந்தியாவுக்குத்தான். பர்மாவில் ஜப்பானியரோடு நடந்த போருக்காக விமானத் தளம் கட்டும் பட்டாளமும் அதில் இருந்தது.

கப்பலைச் செலுத்தியவர்கள் சுமார் 200 பேர். கேப்டன் மர்ஃபி ஆஸ்திரேலியர். அதிகாரிகள் கொஞ்சம் பேர் போக மீதி அனைவரும் நம் நாட்டவர்.

புஜியா என்ற ஊருக்கு நேரே, இன்று பெஜாயா என்கிறார்கள், அஸருக்குப் பிறகான நேரத்தில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. வழக்கமாக விமானம் கப்பலுக்கு மேலே வந்து குண்டைப் போடும். விமானம் தலைக்கு மேல் இல்லாவிட்டால் பயமில்லை. அன்று வந்தது வேறு சாமான். ஹென்ஷல் 293 என்று பெயர். சிறகு வைத்த குண்டு, அடியில் ராக்கெட். விமானம் பல மைல் தள்ளியே நிற்கும். விமானத்துக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, ஒரு சின்னக் குச்சியை இப்படியும் அப்படியும் அசைத்து, ரேடியோ மூலம் குண்டைக் கப்பலை நோக்கி ஓட்டுவான். இன்று குழந்தைகள் ரிமோட் கார் ஓட்டுகிறார்களே, அதே வித்தை. இன்று காஸாவிலும் மற்ற இடங்களிலும் வீடுகளின் மேல் விழுகிறதே, தூரத்தில் உட்கார்ந்து செலுத்தும் ஏவுகணைகள், அவற்றின் பாட்டன் இதுதான். 1943 ஆகஸ்டில்தான் முதன்முதலாகக் கப்பல்கள் மேல் ஏவினார்கள். நவம்பரில் ரோனா.

அன்று மற்ற கப்பல்கள் மீதும் பல குண்டுகளை ஏவினார்கள், எல்லாம் தவறின. மாலை ஐந்தேகால் மணி வாக்கில் ஒன்று ரோனாவின் இடப்பக்க வயிற்றில் புகுந்து இன்ஜின் அறையில் வெடித்தது. மறுபக்கத்து இரும்புத் தகடும் பிய்ந்துகொண்டு போனது. மின்சாரம் போயிற்று, பம்புகள் நின்றன, தீ பிடித்தது.

சகோதரர்களே, இன்ஜின் அறையில் அந்த நேரம் யார் இருந்திருப்பார்கள்? அந்த வேலை யாருடைய வேலை? அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

உயிர்ப்படகுகள் 22 இருந்தன. தண்ணீரில் இறக்க முடிந்தவை எட்டுதான். வெடியில் சில நொறுங்கின. சிலவற்றின் கயிறும் கப்பியும் துருவும் பெயின்டும் ஏறி இறுகிப்போயிருந்தன என்று உயிர் தப்பிய சிப்பாய்கள் பின்னாளில் சொன்னார்கள். இறங்கிய எட்டிலும் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறி, பல கவிழ்ந்தன. குதித்தவர்கள் இடுப்பில் காற்றடைக்கும் பெல்ட் கட்டியிருந்தார்கள். அதை அக்குளுக்குக் கீழே உயர்த்திக் கட்ட வேண்டும் என்று பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இடுப்பில் கட்டிக் காற்றடைத்ததும் கால் மேலே, தலை தண்ணீருக்குள். காப்பாற்ற வந்த பெல்ட்டே கொன்றது! அலையோ ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல். மஃக்ரிப் ஆகி இருட்டிவிட்டது. குளிர் வேறு. ஒன்றரை மணி நேரத்துக்குள் ரோனா மூழ்கிவிட்டது.

பயனியர் என்ற சிறிய அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இருட்டில் வட்டமடித்து, வலையும் கயிறும் வீசி, 606 பேரை அள்ளி எடுத்தது. இவ்வளவு பெரிய மீட்பை அந்தச் சின்னக் கப்பல் செய்தது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். நல்லதை யார் செய்தாலும் நல்லதுதான். மற்றும் சில பிரிட்டிஷ் கப்பல்களும் எடுத்தன.

மொத்தம் 1,130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கர்கள் 1,015 பேர். எதிரியின் தாக்குதலில் ஒரே கப்பலில் கடலில் இத்தனை அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தது வேறெப்போதும் இல்லை. மீதி யார்? சுமார் 120 பேர் கப்பல் பணியாளர்கள். அதில் அதிகாரிகள் ஐந்து பேர். மற்ற அனைவரும் சரங்கு, தண்டேல், கலாசி, பண்டாரி!

மூடி வைத்த செய்தி

இறந்தவர்களின் வீடுகளுக்கு 'காணவில்லை' என்று தந்தி போனது. எந்தக் கப்பல், எப்படி என்று சொல்லவில்லை. ரிமோட் குண்டு வேலை செய்தது என்று ஜெர்மானியனுக்குத் தெரியக்கூடாதாம். உயிர் தப்பியவர்களையும் வாய் திறக்கக்கூடாது என்று எச்சரித்தார்கள். கப்பலின் பெயரையும் எண்ணிக்கையையும் 1945இல்தான் வெளியிட்டார்கள். குண்டின் விவரம் வெளிவர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1996இல் அலபாமா மாநிலத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள், 2000இல் அமெரிக்க காங்கிரஸில் தீர்மானம் போட்டார்கள். உயிர் தப்பிய கிழவர்களும் இறந்தவர்களின் பிள்ளைகளும் சங்கம் வைத்து, கடிதம் எழுதி எழுதி வாங்கிய மரியாதை அது. விடாமல் கேட்டார்கள்.

நம்மில் யார் கேட்டோம்?

ஓடிப்போனவர்கள் யார்?

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். ரோனாவைப் பற்றி அமெரிக்கர்கள் சொன்ன, எழுதிய நினைவுகளில் அடிக்கடி ஒரு குற்றச்சாட்டு வருகிறது. 'இந்தியப் பணியாளர்கள் எங்களை விட்டுவிட்டு முதலில் படகில் ஏறிக்கொண்டார்கள், கோழைகள்' என்பதுதான் அது. நான் அதை முதலில் கேள்விப்பட்டபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நம்மவர்கள் என்பதற்காகப் பூசி மெழுக நான் வரவில்லை. அந்தக் களேபரத்தில் சிலர் உயிருக்குப் பயந்து முந்தியிருக்கலாம். மனிதர்கள்தானே! ஆனால் குற்றம் சாட்டினால் சாட்சியம் பார்க்க வேண்டாமா? கணக்கைப் பாருங்கள். நம் வணிகர்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏறக்குறைய 2,000 சிப்பாய்களில் 1,015 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 51. சுமார் 200 பணியாளர்களில் 120 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 60! முதலில் ஓடித் தப்பித்தவர்கள் அதிகமாகச் சாவார்களா? எந்த ஊர்க் கணக்கு இது?

அடுத்தது. கப்பலில் ஒவ்வொரு பணியாளருக்கும் ஓர் உயிர்ப்படகு எண் உண்டு. ஆபத்து மணி அடித்தால் அவன் தன் படகுக்குப் போக வேண்டும், சிலர் படகுக்குள்ளேயே நிற்க வேண்டும், இறக்க வேண்டும், துடுப்புப் போட வேண்டும். அதுதான் அவனுக்கு இட்ட கட்டளை. சில நாள் முன்பு கப்பல் ஏறிய சிப்பாய் அதைப் பார்த்தால் 'இவன் ஓடுகிறான்' என்றுதான் நினைப்பான். மொழியும் தெரியாது. அதிகாரி ஆங்கிலத்தில் சொல்வதைச் சரங்கு ஹிந்துஸ்தானியில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெடிச் சத்தத்தில், தீயில், இருட்டில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

நான் முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்வி. குண்டு வெடித்தது இன்ஜின் அறையில். அங்கே பணியில் இருந்தவன் படகை நோக்கி ஓடவும் இல்லை, கடலில் குதிக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே போய்விட்டான். அவனையும் சேர்த்துத்தான் கோழை என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 நவம்பர் என்றால் வங்காளத்தில் என்ன மாதம்? பஞ்சத்தின் மாதம். ஏறக்குறைய முப்பது லட்சம் மக்கள் செத்த பஞ்சம். வங்காளத்து லஸ்கர் மத்திய தரைக்கடலில் வெள்ளையன் போருக்கு அடுப்பெரித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சிதம்பரத்தில் வந்த கேள்வி

சிதம்பரம் கூட்டத்தில் படித்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இவர்கள் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்கு உழைத்தவர்கள். நாம் ஏன் இவர்களுக்காக மாரடிக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முகம் சுளிக்காமல் பதில் சொன்னேன்.

தம்பி, மாரடிக்கச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லச் சொல்கிறேன். லஸ்கர் போரை விரும்பிப் போகவில்லை, பசிக்குப் போனான். இன்று நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அந்த மன்னர்களின் அரசியலை ஏற்றுக்கொண்டா போகிறார்கள்? அதே லஸ்கர்தான் 1939இல் வெள்ளையன் போரையே நிறுத்தி வைத்துக் கூலி கேட்டான். 1946 பிப்ரவரி 18 பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்களே, அவர்களும் வெள்ளையனிடம் சம்பளம் வாங்கியவர்கள்தான். அந்த வேலைநிறுத்தக் கமிட்டிக்குத் தலைவராக நின்றவர் எம்.எஸ்.கான், துணைக்கு நின்றவர் மதன் சிங். உழைத்த கூலிக்காரனைக் கேவலமாகப் பேசுவது நமக்கு அழகல்ல. கடலில் மூழ்கிப் போனவருக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் அந்தஸ்து என்ன என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மய்யித்துகளுக்குக் குளிப்பாட்டல் இல்லை, கஃபன் இல்லை, கப்ரு இல்லை. ஜனாஸா தொழுகை கூட யாராவது தொழுதார்களோ என்னவோ.

இதைக் கேட்டதும் அந்தத் தம்பி, "அப்ப அவங்க பேரெல்லாம் எங்கே இருக்கு ஹஜ்ரத்?" என்றார். சரியான கேள்விக்கு வந்துவிட்டார்!

பெயர்கள் எங்கே?

லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கடலில் இறந்து கல்லறை இல்லாமல் போன வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களை வெண்கலப் பலகையில் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் 23,000க்கு மேல். இந்திய ஒப்பந்தத்தில் வேலை பார்த்த லஸ்கருக்கு அந்தப் பலகையில் இடமில்லை. அதே கப்பல், அதே குண்டு, அதே கடல். பலகை மட்டும் வேறு.

அவர்கள் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி மும்பையில், மஸ்ஜித் பந்தர் பக்கம் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில். இன்னொரு பிரதி வங்கதேசத்தில் சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்தில். கடற்படையிலும் வணிகக் கப்பலிலும் இறந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள். 6,000 பேர்! ஒரு பெரிய மஹல்லாவே கடலுக்குள் போயிருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பெயர்களைக் கணினியிலும் ஏற்றியிருக்கிறது. கையில் போன் வைத்திருக்கும் எந்தத் தம்பியும் பார்க்கலாம். இறந்த தேதி போட்டுத் தேடலாம், 1943 நவம்பர் 26 என்று போடுங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். அன்றைய வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியவன். ஒரே அப்துல் ரஹ்மானை ஐந்து விதமாக எழுதியிருப்பான்.

பெயர் எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய கதை பேசிவிட்டு இன்றைய வேலையை மறக்கக்கூடாது. நம் பகுதியிலிருந்து கப்பல் வேலைக்கு ஆள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். சில வருஷத்துக்கு முன் ஓர் இளைஞர் ஒரு ஏஜென்ட் மூலம் கப்பல் ஏறினார். கப்பல் முதலாளி திவாலாகி, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் சம்பளம் இல்லாமல் பல மாதம் கிடந்தார். ஊரில் உம்மா என்னிடம் வந்து அழுதார். 'ஒப்பந்தத் தாள் எங்கே?' என்று கேட்டேன். இல்லை. 'கப்பல் பெயர்?' தெரியாது. 'எந்த நாட்டுக் கொடி?' தெரியாது. 1943இல் சில்ஹெட் தாய்க்கு என்ன தெரியுமோ அதுதான் இந்தத் தாய்க்கும் தெரிந்தது! எப்படியோ ஆளைக் கொண்டுவந்து சேர்த்தோம். ஆகவே போகிறவர்கள் கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற ஏஜென்ட்தானா என்று பாருங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாரிசு பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

ராஜூலா திரும்பியது

போர் முடிந்த பின் ராஜூலா திரும்பி வந்தது. மறுபடியும் நாகப்பட்டினத்துக்கு எதிரே நின்றது, மறுபடியும் பாய் விரித்தார்கள். 1970களின் தொடக்கம் வரை ஓடியது. 1973இல் இந்திய கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றி, அடுத்த வருஷமே உடைக்கக் கொடுத்துவிட்டது. பிறகு அந்தப் பாதையில் ஓடியது உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கப்பல், சிதம்பரம்! 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு அந்தக் கடல் வழியும் மூடிக்கொண்டது. இன்று விமானம்தான்.

நன்னா ஒரு முறை சொன்னார். போர் முடிந்து முதல் சபருக்கு நாகப்பட்டினத்தில் படகில் ஏறினார்களாம். தூரத்தில் கப்பல் தெரிந்தது. படகில் இருந்த ஒருவர், "அது ரோனாவா, ராஜூலாவா?" என்று கேட்டாராம். துடுப்புப் போட்டவர் திரும்பிப் பார்க்காமலே, "இனிமே அந்தக் கேள்வி கிடையாது காக்கா" என்றாராம்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட், மாலுமிச் சான்றிதழ், பினாங்குக் கடிதம், கணக்கு நோட்டு, எதுவானாலும் சரி. பரங்கிப்பேட்டையில் ஒரு பெரியவர் வீட்டில் கணக்கு நோட்டு ஒன்றில் 'ரோனா டெக்கு' என்று ஒரு வரிச் செலவைப் பார்த்தேன். அந்த ஒரு வரிதான் என்னை இந்தப் பேச்சு வரை இழுத்துக்கொண்டு வந்தது. கப்பலில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்ததாகப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சை எழுதி வையுங்கள். ஆண்களைவிட நம் வீட்டுப் பெரியம்மாக்களுக்குத்தான் இதெல்லாம் நினைவிருக்கும். ஜும்ஆ முடிந்ததும் அந்தந்த ஊர்க் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். அசலைத் தர வேண்டாம், நகல் போதும். பழைய தாளைப் பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள், சூட்டில் தாள் கெட்டுவிடும். வெள்ளைத் தாளில் மடித்து, வேப்பிலை போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள்.